காசு கொடுத்துக் குளிர் வாங்கிய கதை

டாண்டினோங், மெல்பர்ன்
ஆகஸ்ட், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

இங்கே நான் நலம். அங்கே தஞ்சோங் காராங்கில் நீங்கள், பெரியப்பா, தம்பி குடும்பம், வாசலை மறித்துப் படுக்கும் அந்தக் கிழட்டு நாய் எல்லாரும் நலமென்று நம்புகிறேன்.

போன வாரம் போனில், 'மலைக்குப் போயிருந்தேன் பெரிம்மா, ராத்திரி ஐஸ்மேல படுத்தோம்' என்று சொன்னதுதான் தாமதம், 'ஏன்டி, ஆஸ்பத்திரியில இடமில்லன்னு வெளியில தள்ளிட்டாங்களா?' என்று அழ ஆரம்பித்துவிட்டீர்கள். அதற்குள் லைனும் போய்விட்டது. பெரியப்பா அன்றைக்கே எனக்கு விமான டிக்கெட் போடச் சொல்லித் தம்பியை விரட்டியதாகக் கேள்வி. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சின்னவளைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். நடுவில் நிறுத்தித் தானாகச் சிரித்துக்கொள்ளக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

யாரும் என்னை வெளியே தள்ளவில்லை. நானே லீவு போட்டு, நானே காசு கட்டி, பதினேழு கிலோ மூட்டையை நானே முதுகில் ஏற்றிக்கொண்டு, பனி கொட்டிக் கிடக்கும் மலையில் நடந்து, அதன்மேல் துணிக்கூடாரம் போட்டுப் படுத்தேன். இந்த நாட்டில் இதற்குப் பொழுதுபோக்கு என்று பெயர். வார்டில் என்னோடு வேலை செய்பவர்களிடம் சொன்னபோது ஒருவர்கூட 'எதுக்கு?' என்று கேட்கவில்லை. 'பனி நல்லா விழுந்திருக்கா?' என்றுதான் கேட்டார்கள்.

குளிர் என்றால் எது என்பதில் நமக்குள் ஓர் உடன்பாடு வேண்டும். நம்மூரில் ராத்திரி மழை பிடித்து விடியலில் 23 பாகைக்கு இறங்கினாலே பெரியப்பா ஸ்வெட்டரும் குல்லாயுமாகத்தான் வெளியே வருவார். மலேசியாவில் பதிவான ஆகக் கடுங்குளிரே கேமரன் மலையில் 1978 பிப்ரவரி 1ஆம் தேதி அளந்த 7.8 பாகைதான். மெல்பர்னில் ஜூலை மாதக் காலையில் அந்த அளவு இருந்தால் 'இன்னிக்குப் பரவாயில்ல' என்று சொல்லி அரைக்கால் சட்டையோடு ஓடப் போகிறார்கள். பூமியின் கீழ்ப்பாதி என்பதால் இங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். நீங்கள் அனுப்பிய தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே போனாலே உறைகிற சாதி. ஜூன் பிறந்ததும் போத்தலுக்குள் வெள்ளைக் கட்டியாகிவிட்டது. தினமும் காலையில் அதைச் சுடுதண்ணீரில் நிற்க வைத்து, அது இளகும்வரை நானும் பக்கத்தில் நின்று, அப்புறம்தான் தலை வாருகிறேன். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, 'இந்தக் குளிர் போதாது, இன்னும் மேலே போவோம்' என்று கிளம்பிய புத்திசாலிகள் நாங்கள் நான்கு பேர்.

எங்கள் கூட்டத்துக்குத் தலைவி, ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. இந்த நாட்டுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலில் பார்த்தால் பட்டுச்சேலையும் பூவுமாக இருப்பார். பனிமலை என்றால் ஐஸ் கோடரியோடு நிற்பார். அடுத்தது, நம்ம செகிஞ்சான் சீனப் பையன். உங்களுக்குத் தெரியும், அவன் அம்மாவிடம்தான் மீன் வாங்குகிறீர்கள். என்னோடு அதே வார்டில் வேலை. மூன்றாவது, மருந்தகத்தில் வேலை செய்யும் கிளந்தான்காரி. புடு மீன்சாற்றுப் போத்தல் இல்லாமல் வீட்டு வாசலைத் தாண்ட மாட்டாள். நாலு பேருக்கும் ஒத்துவரும் சாப்பாடாக டின் சார்டின், மீ பாக்கெட், நெத்திலிச் சம்பல், மைலோ என்று முடிவானது. ஆக, ஆஸ்திரேலிய மலை உச்சிக்கு ஒரு சின்ன பாசார் மாலாமே போனது.

கிளம்புவதற்கு முதல்நாள் அக்கா வந்து என் மூட்டையைச் சோதனை போட்டார். ஜீன்ஸ், கைலி, பருத்திச் சட்டை எல்லாம் கட்டில்மேல் பறந்தன. "உதெல்லாம் எடுத்து வையும் பிள்ளை. பருத்தி நனைஞ்சா காயாது, உம்மட சூட்டைக் குடிச்சிடும். விறைச்சுப் போவீர்." ஆட்டு உரோம உள்ளாடை, அதன்மேல் ஒரு கம்பளிச் சட்டை, அதன்மேல் இறகு அடைத்த சட்டை, அதன்மேல் காற்றும் தண்ணீரும் புகாத ஒரு மேலங்கி. இவ்வளவையும் மாட்டிக்கொண்டு நின்றால் கையைக் கீழே இறக்க முடியவில்லை. கூடாரம், பனியில் கால் புதையாமல் நடக்க மாட்டுகிற அகலப் பாதுகைகள், பாய், எல்லாம் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்தோம். நீங்கள் ரப்பர்த் தோட்டத்தில் காண்டா கம்பின் இரண்டு பக்கமும் பால் வாளி தொங்க ஸ்டோருக்கு நடந்தீர்கள். அதற்கு உங்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். நான் சுமப்பதற்கு மூட்டையையே வாடகைக்கு எடுத்தேன். நம் குடும்பம் முன்னேறிவிட்டது பெரிம்மா.

நாங்கள் போன இடத்துக்கு ஃபால்ஸ் கிரீக் என்று பெயர். மெல்பர்னிலிருந்து வடகிழக்கே காடியில் ஐந்து மணி நேரம் பிடிக்கும். மவுண்ட் பியூட்டி என்ற ஊர்வரை பசும்புல், மாடு, ஆறு என்று சாதுவாக இருக்கும். அதற்குமேல் பாதை சுற்றிச் சுற்றி ஏறும். பனிக்காலத்தில் இந்த மலைக்கு ஏறும் காடிகள் டயர் சங்கிலி எடுத்துப் போகவேண்டும் என்பது சட்டம். பாதி வழியில் நிறுத்திச் சங்கிலி மாட்டச் சொன்னார்கள். சுற்றிலும் பெரிய பெரிய காடிக்காரர்கள் விளக்கப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். செகிஞ்சான் பையன் சேற்று வயலில் டிராக்டரோடு வளர்ந்தவன். தரையில் படுத்தான், எழுந்தான், சங்கிலி மாட்டியாயிற்று. பக்கத்துக் காடிக்காரர் வந்து, 'எனக்கும் மாட்டித் தருவாயா?' என்று கேட்டார். அதற்கு அடுத்தவரும் வந்தார். கொஞ்சம் விட்டிருந்தால் அவன் அங்கேயே ஒரு பட்டறை போட்டிருப்பான்.

ஃபால்ஸ் கிரீக்கில் எல்லாரும் பலகையைக் காலில் கட்டிக்கொண்டு சறுக்கினார்கள். நாங்கள் அவர்களைக் கடந்து ராக்கி வேலி அணைப்பக்கம் நடந்தோம். கீவா ஆற்று மின்சாரத் திட்டத்துக்காக 1959இல் கட்டி முடித்த அணை அது. அதற்கு அப்பால் தார்ச் சடக்கு இருக்கிறது, ஆனால் பனிக்காலம் முழுக்க மூடிவிடுவார்கள். அந்தச் சடக்கின் மேலேயே இடுப்பளவு பனி. இரண்டு பக்கமும் ஸ்னோ கம் மரங்கள். காற்று முறுக்கிய முறுக்கில் ஒன்றுகூட நேராக நிற்கவில்லை. பட்டையில் பச்சை, ஆரஞ்சு, சாம்பல் என்று வரிவரியாக நிறம் ஓடுகிறது. பாதி மரங்கள் செத்து வெள்ளிக் கம்பாக நிற்கின்றன; 2003ஆம் ஆண்டுக் காட்டுத் தீ இந்த மலையெல்லாம் எரித்துப் போட்டதாம். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நெஞ்சுக்குள் நீங்கள் புகுந்து, 'எந்தப் பக்கம் வெட்டினா பால் வரும்?' என்று கேட்டீர்கள்.

இனி இந்தக் கடிதத்தின் முக்கியமான இடம். சின்னவளை மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள்.

சாயங்காலம் நாங்கள் போய்ச் சேர்ந்தது வாலஸ் குடிசை. 1889இல் வாலஸ் சகோதரர்கள் கட்டியது. அந்தக் காலத்தில் கோடையில் மாடுகளை மேலே ஓட்டிவந்து மேய்த்து, பனி விழுமுன் கீழே இறக்கிவிடுவார்கள். அந்த மாட்டுக்காரர்கள் ஒதுங்கத்தான் இந்தக் குடிசை. பிளந்த மரப்பலகைச் சுவர். முதலில் மரச்சில்லுக் கூரை, பின்னாளில் தகரம். உள்ளே ஓர் அடுப்பு, கரி பிடித்த விட்டம், பழைய புகை வாடை. நம் லயத்துக் குசினியும் முன்வாசலும் சேர்ந்தால் இதைவிடப் பெரிது. இந்தக் குடிசையை நேஷனல் டிரஸ்ட் பாரம்பரியக் கட்டடமாகப் பட்டியலில் வைத்திருக்கிறது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, விறகுக்கு ஒரு சில்லைப் பெயர்க்கக் கூடாது. பின்னாளில் இந்தப் பகுதி தேசியப் பூங்காவானது. 2005இல் பூங்காவுக்குள் மாடு மேய்க்கும் உரிமங்களை இனிப் புதுப்பிப்பதில்லை என்று விக்டோரியா அரசு முடிவெடுத்தது. மாட்டை அனுப்பிவிட்டார்கள், மாட்டுக்காரன் குடிசையை மட்டும் கண்ணும் கருத்துமாக வைத்திருக்கிறார்கள்.

நம் தோட்டத்தில் கித்தா போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்பு வந்தது. நீங்கள் முப்பது வருஷம் குடியிருந்த ஏழாம் நம்பர் வீடு இருந்த இடத்தில், கடைசியாக நான் வந்தபோது, யாரோ ஒருவருடைய காடி நின்றது. நல்ல காடி. நான் அந்தக் குடிசைச் சுவரைத் தொட்டுக்கொண்டு இதை அக்காவிடம் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "எங்கட வீட்டுக்கு இதில பாதி வயசுகூட இல்லை. அதுவும் இப்ப இல்லை" என்றார். உடனே, "சரி, அடுப்பை எடுங்கோ, இருட்டப் போகுது" என்று எல்லாரையும் விரட்டினார்.

குடிசைக்குள் படுக்கலாமே என்று கேட்பீர்கள். கூடாது. ஆபத்துக்கு ஒதுங்கத்தான் அது. மற்றவர்கள் சொந்தக் கூடாரம் கொண்டுவந்து வெளியே படுக்கவேண்டும். அதாவது, கூரையும் அடுப்பும் உள்ள வீட்டைக் கண்ணால் பார்த்துக்கொண்டே பனியில் படுக்கலாம்.

சமையலுக்கு வருவோம். செகிஞ்சான் பையன் ஓர் அடுப்பு கொண்டுவந்திருந்தான். சீனப் பெருநாளுக்கு வீட்டில் ஸ்டீம்போட் வைப்பார்களே, அந்த டின் கேஸ் அடுப்பு. அவன் அம்மா ஆசையாகக் கொடுத்து அனுப்பியது. பெருமையோடு பனியில் வைத்துத் திருகினான். ஒரு சொடக்கு, ஒரு பொறி, அவ்வளவுதான். அந்த டின்னில் இருப்பது பியூட்டேன். அது பூஜ்யத்துக்குக் கீழே போனால் ஆவியாக மறுத்து டின்னுக்குள்ளேயே திரவமாகக் கிடக்கும். அன்று சாயங்காலமே மைனஸ் மூன்று. அவன் டின்னை எடுத்துச் சட்டைக்குள் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் பற்றவைத்தால் நீல நெருப்பு எட்டிப் பார்க்கும், ஒரு நிமிஷத்தில் மறுபடியும் படுத்துவிடும். மறுபடியும் அணைப்பு. கிளந்தான்காரி, "கல்யாணம் எப்போ?" என்று கேட்டாள். கடைசியில் அக்காவின் ஷெல்லைட் அடுப்புதான் சோறு போட்டது. அதையும் நேராகப் பனியில் வைக்கக் கூடாது. சூட்டில் பனி உருகி அடுப்பே குழிக்குள் இறங்கிவிடும். கீழே ஒரு மரப்பலகை வேண்டும்.

தண்ணீர் பீலியில் வராது, பனியை உருக்கித்தான் எடுக்கவேண்டும். குண்டான் நிறைய பனியை அள்ளிப் போட்டால் அடியில் அரை மங்கு தண்ணீர் நிற்கும். முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் பனியைப் போடவேண்டும்; வெறும் பனியைப் போட்டால் குண்டான் தீய்ந்து வாடை வரும். பனியைத் தீய்க்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சம்பலில் எண்ணெய் உறைந்து, நெத்திலி எல்லாம் அசையாமல் நின்றது. சாக்லேட்டைக் கடிக்க முடியவில்லை. புடு மட்டும் உறையவில்லை. அதில் உள்ள உப்புக்குக் குளிரே பயந்தது. கிளந்தான்காரி போத்தலை ஆட்டி ஆட்டி எல்லாருக்கும் காட்டினாள்.

மைலோ குடித்தோம். மைலோவை மலேசியாக்காரன் கண்டுபிடித்தான் என்று நீங்கள் எவ்வளவு உறுதியாக நம்புகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். தாமஸ் மேய்ன் என்ற ஆஸ்திரேலியர் உருவாக்கி, 1934இல் சிட்னி ஈஸ்டர் கண்காட்சியில் விற்பனைக்கு விட்டது அது. ஆனால் இவர்களுக்கு அதைக் குடிக்கத் தெரியவில்லை. குளிர்ந்த பாலில் தூளைக் குவித்துக் கரண்டியால் தின்கிறார்கள். நாம்தான் அதற்கு ஒரு மரியாதை கொடுத்தோம்.

ராத்திரி மைனஸ் ஆறு. பாயை விரித்து, ஸ்லீப்பிங் பேக்கில் நுழைந்து, ஜிப்பை மூக்குவரை இழுத்துக் கட்டியபோது, ஓலைக்குள் அடைத்த கெத்துப்பாட் ஆனேன். ஆனால் அதற்குள் நான் மட்டும் இல்லை. கைப்பேசி, தலை விளக்கு, பூட்ஸின் உள்ளுறை, மறுநாள் காலுறை எல்லாம் உள்ளே என்னோடு படுத்தன. வெளியே விட்டால் பேட்டரி செத்துவிடும், உறை விறைத்துவிடும். தண்ணீர்ப் போத்தலைத் தலைகீழாக நிறுத்தவேண்டும். தண்ணீர் மேலேயிருந்துதான் உறையும். தலைகீழாக இருந்தால் மூடிப் பக்கம் உறையாது, காலையில் குடிக்கலாம். நாங்கள் விட்ட மூச்சு கூடார உச்சியில் போய் உறைந்தது. செகிஞ்சான் பையன் பக்கத்துக் கூடாரத்தில் ஒருமுறை குறட்டை விட்டான். என் முகத்தில் பனி கொட்டியது. அது அவன் குறட்டையால்தான் என்று இன்னும் சாதிக்கிறேன்.

அடுத்த பத்தியைச் சின்னவள் வாசிக்க வேண்டாம். பெரியப்பாவிடம் கொடுங்கள். அந்த மலையில் 'காலைக்கடன்' முடித்தால் அங்கே விட்டுவிட்டு வருவது முறையல்ல. பனி உருகினால் எல்லாம் ஓடையில் சேர்ந்துவிடும் அல்லவா? ஆகவே, மூடி போட்ட குழாய் ஒன்றில் அடைத்து, மூட்டையில் கட்டி, கீழே கொண்டுவந்து போடவேண்டும். ஆமாம், சுமந்துகொண்டுதான். பல்கலைக்கழகம்வரை படிக்கவைத்தது இதற்குத்தானா என்று பெரியப்பா கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். சின்னவள் இனி வாசிக்கலாம்.

விடியுமுன் நாலு மணிக்கு விழிப்பு வந்தது. தலை விளக்கை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். காது வலிக்கிற குளிர். அந்த நேரத்தில்தானே நீங்கள் எழுந்து, தலையில் விளக்கும் இடுப்பில் கொசுவத்தியுமாகப் பெரட்டுக்குக் கிளம்புவீர்கள்? வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்று நீங்கள் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். உங்கள் விளக்குக்கும் என் விளக்குக்கும் பெரிய வித்தியாசமில்லை. என் விளக்கை அணைத்துவிட்டு மறுபடியும் படுக்கலாம். உங்களுக்கு அந்த வசதி இல்லை. நான் போய்ப் படுத்துக்கொண்டேன்.

காலையில் எழுந்தால் மூடுபனியும் காற்றும். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே வெள்ளை. தரை எது, வானம் எது என்று தெரியவில்லை. அதற்காகத்தான் அந்த மேட்டுநிலம் முழுக்க வரிசையாகக் கம்பம் நட்டு நம்பர் போட்டிருக்கிறார்கள். 333ஆம் கம்பம் என்பது அங்கே பெயர்பெற்ற சந்தி. ஒரு கம்பத்திடம் நின்று அடுத்ததைப் பார்த்த பிறகே நகரவேண்டும். நெரை பிடித்துப் போகிற வேலைதான், மரத்துக்குப் பதில் கம்பம். செகிஞ்சான் பையன், 'வந்தது வந்தோம், இன்னும் கொஞ்சம் போகலாம்' என்றான். அக்கா 1936ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னார். அந்த ஆகஸ்டில் கிளீவ் கோல் என்பவர் இரண்டு கூட்டாளிகளோடு சறுக்குப் பலகையில் இந்த மேட்டுநிலத்தைக் கடந்து, 1986 மீட்டர் உயரமுள்ள போகோங் மலையில் ஏறினார். விக்டோரியாவின் ஆக உயர்ந்த சிகரம் அது. பனிப்புயலில் மாட்டிக்கொண்டார்கள். மூவரும் கைதேர்ந்தவர்கள்தான். இருந்தும் கோல் பிழைக்கவில்லை. அவர் பெயரில் அந்த மலைமேல் இன்றைக்கும் ஒரு கல்வீடு இருக்கிறது. "உம்மட பேரில ஒரு வீடு வேணுமெண்டா போம்" என்றார் அக்கா. பையன் பேசாமல் மூட்டையைக் கட்டினான். கம்பம் கம்பமாக எண்ணிக்கொண்டு திரும்பி வந்தோம்.

'இவ்வளவும் பட்டு என்னடி கண்டே?' என்று கேட்பீர்கள். எனக்குப் பிடித்திருந்தது பெரிம்மா. நாலு பேர் நாலு பாஷையில் குளிரைத் திட்டியதும் பிடித்திருந்தது. ஆனால் உங்களிடம் ஒரு காரியம் கேட்கவேண்டும். சின்னவளை ஒரு நோட்டுப்புத்தகத்தோடு பக்கத்தில் உட்காரவைத்து, நம் தோட்டத்தை வரைந்து காட்டுங்கள். பெரட்டுக் களம் எங்கே, ஆயக்கொட்டகை எங்கே, கோயில் எங்கே, ஏழாம் நம்பருக்கு இரண்டு பக்கமும் யார் யார் இருந்தார்கள், எல்லாம் நம்பரோடு. ஒரு மாட்டுக்காரன் ஒதுங்கிய குடிசையைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு, நான் பிறந்த வீட்டைப் பற்றித் தெரியவில்லை என்றால் அது நன்றாக இல்லை. பெரியப்பா ஒரு மரத்தை இடம் மாற்றிச் சொல்வார், சண்டை போடுங்கள். அதையும் அவள் எழுதட்டும்.

தேங்காய் எண்ணெய் இனி அகல வாய் ஜாடியில் அனுப்புங்கள். கரண்டி உள்ளே போகவேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்

பின்குறிப்பு: செகிஞ்சானுக்கு மீன் வாங்கப் போகும்போது பையனுடைய அம்மா கேட்டால், பனிமலை என்று வாய்தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். ஆஸ்பத்திரி குர்சுஸ் என்று சொல்லியிருக்கிறான். அவர் கொடுத்த அடுப்பு நன்றாக எரிகிறதா என்று கேட்டால், எரிகிறது என்று சொல்லுங்கள். மெல்பர்னில் எரியத்தான் செய்கிறது. அந்தச் சந்தோஷத்தில் கெம்பொங் மீனுக்கு இரண்டு வெள்ளி குறைத்தாலும் குறைப்பார்.